சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் மாறவில்லை, பயண நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? நேரடி விமானம் எவ்வளவு நேரம் எடுக்கும்? தூரம் கணக்கிடும் தளங்களில் 15,349 கி.மீ. என்று வருகிறது. விமானத்தில் போய்வந்தவர்கள் 16,500-க்கு மேல் என்கிறார்கள். டிக்கெட்டைப் பார்த்தால் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி அதே நாள் காலையில் இறங்குவதுபோல இருக்கிறது. எதை நம்புவது? கூடவே, வயதான பெற்றோரை இந்த நேரடி விமானத்தில் அனுப்பலாமா, நடுவில் ஓர் ஊரில் நின்று போவது மேலா?

சுருக்கமாகச் சொன்னால்: நேர் தூரம் சுமார் 15,350 கி.மீ. விமானம் உண்மையில் பறப்பது பெரும்பாலும் 16,000 கி.மீ.க்கு மேல். பயண நேரம் 18 முதல் 19 மணி. நீங்கள் பார்த்த மூன்றுமே சரிதான். ஆனால் மூன்றும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன. அதைப் புரிந்துகொண்டால் உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தூரம். சுவரில் மாட்டும் உலகப் படத்தை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே கோடு போட்டால், அது பசிபிக் பெருங்கடலையோ இந்தியப் பெருங்கடல், அட்லாண்டிக் வழியையோ காட்டும். அந்தக் கோட்டை நம்ப வேண்டாம். உருண்டையைத் தட்டையாக விரித்ததில் படத்தின் வடக்கு ஓரம் பயங்கரமாக இழுபட்டிருக்கிறது. பூகோள உருண்டை ஒன்று கையில் கிடைத்தால் ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் வைத்து, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேராக வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிப் போய், கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். தூரம் கணக்கிடும் தளங்கள் எல்லாம் தருவது இந்த நூலின் நீளத்தைத்தான்.

இந்த ஜோடியில் ஓர் அழகு இருக்கிறது. கணக்கைக் கையிலேயே போட்டுவிடலாம். சாங்கி கிட்டத்தட்ட 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, கென்னடி கிட்டத்தட்ட 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. அதாவது பூமியின் ஏறத்தாழ நேர் எதிர்ப்பக்கங்கள். அப்படியானால் ஒன்றிலிருந்து துருவம் வரை ஏறி, மறுபக்கம் இறங்குவதுதான் கிட்டத்தட்டக் குறுகிய வழி. சாங்கியின் அட்சரேகை 1.36 பாகை வடக்கு, ஆகவே துருவத்துக்கு இன்னும் 88.64 பாகை. கென்னடி 40.64 பாகை வடக்கு, துருவத்திலிருந்து 49.36 பாகை கீழே. இரண்டையும் கூட்டினால் சரியாக 138 பாகை. பூமியின் மேல் ஒரு பாகை சுமார் 111.2 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 15,345 கி.மீ. வருகிறது. கணினி சொல்லும் எண்ணுக்கும் இதற்கும் நான்கைந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

அந்தச் சின்ன வித்தியாசமும் தளத்துக்குத் தளம் மாறும். பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் கொஞ்சம் பருத்து, துருவங்களில் சற்றே தட்டையாக இருக்கிறது. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. சில தளங்கள் சராசரி ஆரமான 6,371-ஐ வைத்து உருண்டையாகவே கணக்கிடும், சில இந்தத் தட்டையையும் சேர்த்துக்கொள்ளும். பத்து, இருபது கிலோமீட்டர் கூடக்குறைய வந்தால் அதற்காகக் குழம்ப வேண்டாம். ஆனால் மைல் என்று போட்டிருந்தால் மட்டும் எந்த மைல் என்று பாருங்கள். விமானத் துறையில் புழங்குவது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ. சாதாரண மைல் 1.609 கி.மீ. இதைக் கலந்துவிட்டால் இந்த வழித்தடத்தில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும்.

சரி, நூல் போட்ட பாதை 15,350 என்றால் விமானம் ஏன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறக்கிறது?

முக்கியமான காரணம் காற்று. நீண்ட தூர விமானம் ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் அளவில் பறக்கும். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே கிட்டத்தட்ட மைனஸ் 56 பாகை குளிர். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. ஆக விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. இது காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே ஓர் ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பெருங்காற்றை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். மணிக்கு 150 கி.மீ. என்பது அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும். இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் பயண வரைபடத்தைப் போட்டுவிட்டு 'தரைவேகம்' என்ற எண்ணைக் கவனியுங்கள். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது 1,050 என்று காட்டும். அதே விமானம், அதே இயந்திரம், எதிர்காற்றில் 780-க்கு இறங்கிவிடும். விமானிகள் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

2020 பிப்ரவரியில், சியாரா புயல் அட்லாண்டிக்கைக் கலக்கிய நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய் இறங்கியது. வழக்கமாக ஏழு மணி நேரத்தை ஒட்டிய பயணம் அது. ஒரு கட்டத்தில் அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை. சுற்றியிருந்த காற்றும் சேர்ந்தே ஓடியதால் காற்றுக்குள் அதன் வேகம் வழக்கம்போலத்தான் இருந்தது.

போகும்போது தள்ளும் காற்று வரும்போது தடுக்கும், ஆக மொத்தம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 10,000 கி.மீ. தூரம், மணிக்கு 900 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு போனால் 10 மணி நேரம். எதிர்த்து வந்தால் பன்னிரண்டரை மணி. மொத்தம் இருபத்திரண்டரை. காற்றே இல்லாவிட்டால் போகவர 22 மணி 13 நிமிடம்தான். எதிர்காற்றில் விமானம் மெதுவாக நகர்வதால், அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் விமான நிறுவனங்கள் எதிர்காற்றை விட்டு விலக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிப் போகவும் தயாராக இருக்கின்றன.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா அந்த விமானத்தை முதலில் மேற்கே, அட்லாண்டிக் வழியாக ஓட்டியது, ஏறத்தாழ 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பி பசிபிக் வழியாக அனுப்பினார்கள். தூரம் 15,000 கி.மீ.க்கு மேல் போனது. நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. ஆயிரத்துக்கு மேல் கிலோமீட்டர் கூட்டி, இரண்டு மணி நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். விமானத் திட்டம் போடுகிறவர் வரைபடத்தில் குறுகிய கோட்டைத் தேடுவதில்லை. அன்றைய காற்றில் எந்தப் பாதை குறைந்த நேரமும் குறைந்த எரிபொருளும் எடுக்கும் என்றுதான் தேடுகிறார்.

சிங்கப்பூர் – நியூயார்க்கிலும் இதுவே நடக்கிறது. போகும் விமானம் பெரும்பாலும் வடகிழக்கே திரும்பி, ஜப்பான் பக்கமாக வட பசிபிக்கின் பின்காற்றைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கக் கண்டத்துக்குள் நுழையும். திரும்பும்போதும் மேற்கே வராமல் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருவதுண்டு. போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு, ஒரு முறை போய்வந்தால் உலகையே சுற்றிவிடுகிறீர்கள். பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள ஊர்களுக்கு மட்டுமே இந்த வசதி, ஏனென்றால் எந்தப் பக்கம் போனாலும் தூரம் பெரிதாக மாறுவதில்லை.

இரண்டாவது காரணம் மூடப்பட்ட வானம். நூல் காட்டிய பாதையில் கணிசமான பகுதி ரஷ்யாவின் மேல் போகிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யாவும் மேற்கு நாடுகளும் ஒருவர் விமானங்களுக்கு மற்றவர் வான்பரப்பை மூடிவிட்டார்கள். இதில் அதிகம் அடிபட்டது பின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யா வழியாக ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த விமானம், இப்போது வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே இறங்கியோ போவதால் 13 மணி நேரம் அளவுக்கு எடுக்கிறது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைப்பதற்கு மிக வசதியான இடம் என்றுதான் அந்த நிறுவனம் தன் ஊரைச் சொல்லி வந்தது. வானம் மூடியதும் அந்த வசதி போய்விட்டது. பனிப்போர்க் காலத்திலும் இதே கதைதான். 1957-இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ், கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்கு அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு துருவத்தின் மேலாகப் பறக்கத் தொடங்கியது. சோவியத் வானம் திறக்கும்வரை ஐரோப்பா – ஜப்பான் பயணிகளில் பலர் ஆங்கரேஜில் இறங்கி ஏறியவர்கள்தான். ஆகவே பத்து வருடத்துக்கு முந்தைய பயண நேரத்தை வைத்து இன்றைய டிக்கெட்டைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

மற்ற காரணங்கள் சின்னவை. இரண்டு இயந்திர விமானம் எப்போதும் அவசரத்துக்கு இறங்கக்கூடிய ஒரு விமான நிலையத்திலிருந்து குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஒரு காலத்தில் இது பாதையை ரொம்பவே வளைத்தது. இப்போதைய விமானங்களுக்கு இந்த வரம்பு மிகத் தாராளம், தென் பசிபிக் போன்ற வெறிச்சோடிய பகுதிகளில்தான் உறைக்கும். அப்புறம், கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையின் திசைக்கு ஏற்பப் போடும் வட்டங்களும் தூரத்தில் சேரும்.

இவ்வளவு தூரத்தை நிற்காமல் பறக்க முடிவதே சாதாரண விஷயமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்குக்கு ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் நேரடிச் சேவை தொடங்கியது. நான்கு இயந்திரங்களும் குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தியது. இரண்டே இயந்திரம் கொண்ட ஏ350-900 விமானத்தின் அதிநீள்தூர வகை வந்தபின் 2018 அக்டோபரில் நுவார்க் சேவை திரும்பியது. 2020 நவம்பரில் கென்னடியும் சேர்ந்தது. அந்த விமானத்தின் தொட்டிகள் 165,000 லிட்டர் கொள்ளும். முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டும் 130 டன்னைத் தாண்டும். அதிகபட்ச எடை 280 டன் என்னும்போது, ஓடுபாதையில் எழும்புவதில் ஏறத்தாழப் பாதி எரிபொருள்தான். முதல் சில மணி நேரம் எரிப்பதில் நல்ல பங்கு, பின்னால் தேவைப்படும் எரிபொருளைச் சுமப்பதற்கே போகிறது. அதனால்தான் அதில் மொத்தம் 161 இருக்கைகள்தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் இது.

இனி கடிகாரக் குழப்பத்துக்கு வருவோம். டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூர் கிரீனிச்சுக்கு 8 மணி நேரம் முன்னால். நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின்னால், கோடையில் 4 மணி நேரம். ஆக வித்தியாசம் 13 அல்லது 12 மணி. ஒரு குளிர்கால உதாரணம் போடுவோம். செவ்வாய் அதிகாலை 12:30-க்குச் சிங்கப்பூரில் கிளம்பினால் நியூயார்க்கில் அப்போது திங்கள் காலை 11:30. பதினெட்டரை மணி நேரம் பறந்து இறங்கும்போது அங்கே செவ்வாய் காலை 6:00. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் ஐந்தரை மணி நேரப் பயணம்! திரும்பும்போது திங்கள் இரவு 10:30-க்குக் கிளம்பினால், 18 மணி 40 நிமிடம் கழித்து இறங்குவது புதன் காலை 6:10. டிக்கெட்டில் 31 மணி 40 நிமிடம்போலத் தெரியும். செவ்வாய்க்கிழமையில் பெரும் பகுதி எங்கேயோ போய்விடும்.

நேர வலயமே தெரியாமல் பயண நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த வழி. போகும் டிக்கெட்டில் தெரியும் நேரத்தையும் வரும் டிக்கெட்டில் தெரியும் நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுங்கள். மேலே சொன்னதில் 5:30-உம் 31:40-உம் கூட்டினால் 37 மணி 10 நிமிடம், பாதி 18 மணி 35 நிமிடம். ஒரு பக்கம் கழிந்த நேர வித்தியாசம் மறுபக்கம் கூடிவிடுவதால் அடிபட்டுப் போகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு பயணத்துக்கும் நடுவில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றக் கூடாது. மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் உள்ள நேரம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து எண்ணுவது இல்லை. வாசலைவிட்டு விமானம் பின்னால் நகர்ந்ததிலிருந்து மறு ஊரில் வாசலில் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். நெரிசலான விமான நிலையங்களில் இதற்கே அரை மணி போகும். தாமதப்பட்டியலில் பெயர் வராமல் இருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவும் போட்டுக்கொள்ளும். ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வது இதனாலும்தான்.

வேறு எந்த இரண்டு ஊர்களுக்கும் நீங்கள் கணக்குப் போட வேண்டுமானால், நூல் தூரத்தை எடுத்துக்கொண்டு அதில் ஐந்து சதவீதம் கூட்டி, 900-ஆல் வகுத்து, அரை மணி சேருங்கள். நம் ஜோடிக்கு 16,100 வரும், வகுத்தால் கிட்டத்தட்ட பதினெட்டு மணி, அரை மணி சேர்த்தால் பதினெட்டரை. வடக்கு அரைக்கோளத்தில் நேர் கிழக்கே போகும் நீண்ட பயணமானால் ஒரு மணி நேரம்வரை கழித்துக்கொள்ளுங்கள், மேற்கே போவதானால் கூட்டிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் பெருகும். பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் அதிகபட்ச தூரமே சுமார் 20,000 கி.மீ.தான் என்பதால், உங்கள் நூல் தூரம் அதைத் தாண்டினால் எங்கோ தவறு.

கடைசியாகப் பெற்றோர் விஷயம். நடுவில் நிற்கும் பயணம் தூரத்தில் மோசம் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து பிராங்க்ஃபர்ட் சுமார் 10,280 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200. கூட்டினால் 16,480. நேரடி விமானம் உண்மையில் பறக்கும் தூரமும் ஏறத்தாழ இதுதான். நேரத்தில்தான் இடிக்கிறது. இரண்டு முறை ஏறி இறங்கி, மேற்கு நோக்கிய எதிர்காற்றையும் வாங்கி, இடையில் காத்திருந்து போய்ச் சேர 24 மணி நேரத்தை ஒட்டி ஆகிவிடும். நேரடியில் ஐந்தாறு மணி நேரம் மிச்சம்.

ஆனாலும் என்னைக் கேட்டால், வயதானவர்களுக்கு மொத்த நேரத்தைவிட ஒரே மூச்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தையே முதலில் பார்ப்பேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. கால் வீக்கமோ, இதய நோயோ, முன்பு இரத்தக்கட்டி வந்த வரலாறோ இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் 18 மணி நேரம் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், "நீண்ட பயணம்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு அது ஆறு மணி நேரமாகவும் தோன்றலாம். உடல் நன்றாக இருக்கிறது, ஆனால் பெரிய விமான நிலையத்தில் மொழி தெரியாமல் வாசல் தேடி அலைவதுதான் பயம் என்றால் நேரடி விமானமே நல்லது. நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து எடுத்துக்கொடுங்கள், எழுந்து நடக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்காது. அழைத்துவர அங்கே போகிறவரிடம் இறங்கும் தேதியைக் கிழமையோடு சேர்த்து, நியூயார்க் நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.